டாக்ஸிக்காரர் என்ன ஆனார்?

என் சம்பந்தியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்கு மேல் படிக்க நேரமும் இல்லை, படிக்க வைக்க ஆளும் இல்லை. அடுத்தவர் கடையில் கண்ணாடி சுமந்து, கையைக் கிழித்துக்கொண்டு தொழில் கற்றேன். இன்றைக்கு இந்த ஊரில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு ஜன்னலில் என் கடைக் கண்ணாடி இருக்கும். பெரிய வங்கியின் முகப்பு என்னுடையது. பேருந்து நிலையத்துக் கூரைக் கண்ணாடி என்னுடையது. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிட்டு நான் எழுந்தவன் இல்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நினைத்ததையெல்லாம் சாதித்த என்னால் ஒரே ஒரு மனிதரை மட்டும் என் வீட்டுக்குள் கூட்டி வர முடியவில்லை. அவர்தான் என் மருமகளைப் பெற்றவர்.

ஆம்புலன்ஸ் ஓட்டியவர். முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. கூட வேலை பார்த்தவர்கள் அவரை ‘சைரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதருக்கு அந்தப் பெயரை வைத்தவன் நல்ல குசும்புக்காரனாக இருக்க வேண்டும். கல்யாணம் பேச வந்த அன்றைக்கே கவனித்தேன். நான் என் கடை வளர்ந்த கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என் பொண்ணுக்குக் காரம் ஆகாது” என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு அவர் பேசியது.

பெண்ணுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே மனைவி இறந்துவிட்டார். அதற்குப் பிறகு தனி ஆளாக வளர்த்திருக்கிறார். அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டிய வேலை. பக்கத்து வீட்டில் பெண்ணை விட்டுவிட்டுப் போவாராம். அந்தப் பெண் அங்கே போய்த் தூங்காதாம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அப்பா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே மருமகள் சொன்னது.

கல்யாணத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை வருவார். எங்கள் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்துவார். இன்ஜினை அணைக்க மாட்டார். பழப்பையை நீட்டுவார், மகள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்ப்பார், கிளம்பிவிடுவார். உள்ளே வாருங்கள் என்றால் இன்னொரு நாள் என்பார். என் வீட்டுக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: “உங்க சம்பந்தி நம்ம வீட்டுக்கு உறவா, இல்ல பார்சல் கொடுக்க வர்றவரா?”

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். போன வருஷம் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்திருக்கிறது. ஒருவருக்கும் சொல்லாமல் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். ஆள் நடமாட்டமே இல்லையே என்று டயர் கடைக்காரர் கதவைத் தட்டிப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. உடம்பு தேறிவிட்டது. ஆனால் என் மருமகள் தேறவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டே அலைந்தாள். மணி அடித்தால் நிறம் மாறினாள். என் மகன் போய்க் கூப்பிட்டான், என் வீட்டுக்காரி போய்க் கூப்பிட்டாள். மகளுக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்று ஒரே பதில்.

கடைசியில் அவள் என்னிடம் வந்தாள். அவள் எதையும் கேட்கிற பெண் இல்லை. அன்றைக்குக் கேட்டாள்.

“மாமா, அவர் இங்கே வந்துடணும். நீங்க சொன்னா கேட்பார்.”

“என் பேச்சைத் தட்டினவன் இந்த ஊர்ல உண்டாம்மா?” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த மனிதரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்கே தெரியவில்லை. பேசாதவரிடம் பேசுவதைப் போலக் கஷ்டம் எதிலும் இல்லை. கண்ணாடிகூடத் தட்டினால் ஒரு சத்தம் கொடுக்கும்.

என் மகன்தான் வழி கண்டுபிடித்தான். இரண்டு பேரும் மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும் என்று சினிமாவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். சம்பந்தியை வரவழைக்க மருமகள் ஒரு பொய் சொன்னாள். மாமாவுக்குத் தனியாகப் போகப் பயம், துணைக்கு ஆள் வேண்டும் என்று. எனக்குப் பயம்! வேறு நேரமாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். காரியம் ஆக வேண்டுமே என்று விழுங்கிக்கொண்டேன்.

அது ஒரு உளவாளிப் படம். அதிலும் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை நானும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால் படம் நடுவிலிருந்து தொடங்கியதுபோல் இருக்கிறது. யாரோ யாரையோ துரத்துகிறார்கள். ஏற்கெனவே பகையாம், ஏற்கெனவே காதலாம், ஏற்கெனவே செத்தவர்களாம். நான் விடுவேனா? முதல் ஐந்து நிமிஷத்தில் கதையைப் பிடித்துவிட்டேன். சம்பந்தியின் காதில், அந்த மொட்டைத்தலைதான் வில்லன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவைத்தேன். அந்த மொட்டைத்தலை கதாநாயகனின் மேலதிகாரியாம். எனக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை சிரித்துவிட்டுத் திருத்தினாள். அதனால் என்ன? முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கதாநாயகன் கதவு வழியாக வெளியே போகிற பழக்கமே இல்லாதவன். எங்கே போனாலும் கண்ணாடியை உடைத்துக்கொண்டுதான் போகிறான். பளபளவென்று தரையிலிருந்து கூரை வரை போட்ட கண்ணாடி. அதைத் தூக்கி நிறுத்த எத்தனை பேர் தோள் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கல்லவா தெரியும். அவன் ஒவ்வொரு முறை பாயும்போதும் உடைந்த கண்ணாடிக்கு மனசுக்குள் விலை போட்டேன். ஊரே கைதட்டுகிறது, நான் மட்டும் ஐயோ என்கிறேன்.

சம்பந்தி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கார்கள் துரத்துகிற கட்டம் வந்ததும்தான் ஆள் மாறினார். வலது கால் தரையை அழுத்தியது. ஒரு லாரி குறுக்கே வந்தபோது உடம்பே சாய்ந்தது. திடீரென்று என் முழங்காலைப் பிடித்து ஒரு திருகு திருகி முன்னால் தள்ளினார். கியர் மாற்றுகிறாராம்! வளைவு வந்தது, மறுபடியும் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் சொந்தமாக மூன்று வண்டி வைத்திருப்பவன். என் காலில் கியர் போட்டவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். ஒன்றும் சொல்லாமல் காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் துரத்தலில்தான் அது நடந்தது. வில்லனின் லாரி நாற்சந்தியில் ஒரு மஞ்சள் டாக்ஸியை இடித்துத் தள்ளுகிறது. டாக்ஸி இரண்டு உருட்டு உருண்டு சக்கரம் வானத்தைப் பார்க்கக் கிடக்கிறது. ஓட்டுகிறவர் பச்சைத் தொப்பி போட்ட வயதான ஆள். கண் இமைக்கிற நேரம் அவருடைய கை ஜன்னலில் தெரிகிறது. அதற்குள் கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் அதைத் தாண்டிப் பறந்துவிட்டான். கதையும் அவனோடு பறந்துவிட்டது.

என் முழங்காலிலிருந்த கை விலகியது.

“டாக்ஸில ஆள் இருந்தாரே” என்றார்.

“இருந்தார், இருந்தார். படத்தைப் பாருங்க.”

கதை வேறு தேசத்துக்குப் போனது. பனிமலை, பாதாள அறை, ஒரு விருந்து, ஒரு முத்தம். நடுவில் இவர் என் பக்கம் சாய்ந்து, அவரை வெளியே எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். எடுத்திருப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தலைகீழாகக் கிடப்பவரைப் பெல்ட்டை அறுத்து இறக்கும்போது கழுத்தைத் தாங்க வேண்டும், அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ என்றார். இடைவேளையில் பொரி வாங்கிக் கொடுத்தேன். கையிலேயே வைத்திருந்தார். நான் பேச வந்த விஷயத்தைத் தொடங்கலாமென்று பார்த்தால் அவர் கண் வெள்ளைத் திரையிலேயே இருக்கிறது, அந்த டாக்ஸிக்காரர் இப்போது வந்துவிடுவார் என்பதுபோல.

இரண்டாம் பாதியில் ஒரு மாளிகை முழுவதும் வில்லன் தலையில் இடிந்து விழுந்தது. அத்தனை மாடியும் கண்ணாடி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். படம் முடிந்தது, கூட்டம் எழுந்தது. சம்பந்தி எழுந்திருக்கவில்லை. எழுத்து ஓடி முடியட்டும் என்றார். கூட்டிப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்து எங்களைப் பார்த்து நின்றார். எழுத்தெல்லாம் ஓடிய பிறகு கடைசியில் ஒரு காட்சி வந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு கை எழும்புகிறது. வில்லன் சாகவில்லையாம். மூன்றாம் பாகத்துக்கு வருவானாம்.

சம்பந்திக்கு வந்ததே கோபம். நான் அவரிடம் கோபத்தை அதுவரை பார்த்ததில்லை.

“ஒரு கட்டடமே மேல விழுந்திருக்கு, இவன் பிழைச்சான்னு காட்டத் தெரியுது. அந்த மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?”

துடைப்பக்கார அம்மா, “தினம் நாலு ஆட்டம் ஓடுது, ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லைங்க” என்றார்.

எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் ஒரு பேச்சைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தேன். மூன்று மாடி வீடு, அத்தனை அறையும் காற்றோட்டம், மேல் மாடி முழுக்கச் சும்மா கிடக்கிறது, என் வீட்டில் இன்னொரு ஆள் சாப்பிட்டால் குறையுமா என்கிற மாதிரி. அதைப் பாதி சொன்னேன். அவர் டீயை ஊதிக்கொண்டு, “உங்களுக்கென்ன குறை” என்றார். எனக்கே அந்தப் பேச்சு சப்பென்று ஆகிவிட்டது. வீட்டை விற்க வந்த தரகன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் சும்மா இருக்க முடியாமல், ஒரு சினிமா டாக்ஸிக்காரருக்காக ஏன் இவ்வளவு வருத்தம் என்று கேட்டுவிட்டேன். நான் எதிர்பார்க்கவில்லை, அவர் பேசினார். கல்யாணம் பேசிய நாளிலிருந்து பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசியதில் பாதி வராது.

ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாதாம். எங்கே போகிறோம், இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரியாமல் பயந்து போவார்களாம். அதனால் இவர் ஓட்டிக்கொண்டே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாராம். இதோ பாலம் ஏறிட்டோம். இதோ பள்ளிக்கூடம். இந்த ஒரு திருப்பம்தான், வந்துட்டோம். வேறெங்கும் பேசாதவர் அங்கே மட்டும் பேசியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் அவர் வேலை முடிந்தது. உள்ளே என்ன ஆனது என்று தெரியாது. அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும்.

“கட்டட வேலை பார்த்த ஒரு பையன். சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். இறக்கும்போது என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. போயிடாதீங்கன்னான். விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டுட்டுப் போனேன். மறுநாள் போய்க் கேட்டேன். உறவான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். உறவு இல்லாதவங்களுக்குச் சொல்றதில்லைன்னுட்டாங்க. அதுக்கப்புறம் யாரைப் பத்தியும் கேக்கறதை விட்டுட்டேன்.”

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“எல்லாம் மறந்துபோச்சுன்னுதான் நெனச்சேன். இன்னைக்கு அந்தக் கை ஜன்னல்ல தெரிஞ்சுதா...” என்றார்.

எனக்குப் படிப்பு இல்லை என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் எந்தக் கண்ணாடி எந்தச் சட்டத்தில் உட்காரும் என்று பார்த்தவுடன் சொல்கிற கண் எனக்கு உண்டு. அப்படித்தான் அந்த நேரத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தயார் செய்த பேச்சு எல்லாம் எங்கோ போய்விட்டது.

“சம்பந்தி, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. முன்னே பின்னே தெரியாத ஒரு டாக்ஸிக்காரர், அதுவும் சினிமாவுல. அவர் என்ன ஆனார்னு தெரியாம மூணு மணி நேரம் உங்களால உட்கார முடியல. உங்க பொண்ணு எட்டு வயசுலேர்ந்து அப்படித்தானே உட்கார்ந்திருக்கா?”

அவர் நிமிர்ந்தார்.

“இன்னைக்கும் அப்படித்தான் இருக்கா. அப்பா எழுந்தாரா, சாப்பிட்டாரா, படியில இறங்கினாரா, விழுந்தாரா. நீங்க வாரம் ஒரு தடவை வந்து வாசல்ல முகத்தைக் காட்டிட்டுப் போயிடறீங்க. மிச்ச நாளெல்லாம் அவளுக்கு யார் சொல்றது? பாரமா இருக்கக் கூடாதுன்னு சொல்றீங்களே. நீங்க இல்லாம இருக்கறதுதான் அவளுக்குப் பாரம்.”

பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. தியேட்டரில் அடுத்த ஆட்டத்துக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர் தன் சட்டைக் கையை நீவிக்கொண்டிருந்தார். தவறாகப் பேசிவிட்டேனோ என்றுகூட எனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றுவது அபூர்வம்.

“அழறாளா?” என்று கேட்டார்.

“எங்க முன்னால அழமாட்டா. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவா. தண்ணி தொட்டி காலியாகறதை வெச்சுத்தான் எங்களுக்கே தெரியும்.”

“சின்ன வயசுலயும் அப்படித்தான்” என்றார். “நான் அவ ரொம்ப நேரம் குளிக்கிறான்னு நெனச்சுக்குவேன்.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பட்டன் வைத்த பழைய போன். அவருக்கு அழைப்பு வந்து எடுத்துத்தான் பழக்கம், தானாக யாரையும் அழைத்துப் பழக்கமில்லை. எண்ணைத் தேட நேரம் பிடித்தது. நான் உதவிக்குக் கை நீட்டினேன், தரவில்லை.

“அப்பாதான்” என்றார்.

மருமகள் பதறியது மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. என்ன ஆச்சு, எங்கே இருக்கீங்க, மாமாவுக்கு ஏதாவதா என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

“ஒண்ணும் ஆகலைம்மா” என்றார். “ஒண்ணும் ஆகலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

நான் எழுந்து, டீக்குக் காசு கொடுக்கிற சாக்கில் கடைக்காரரிடம் போய் நின்றுகொண்டேன். அவரிடம் என் கடையைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. காது மட்டும் பின்னால் இருந்தது. டாக்ஸி என்கிற வார்த்தை வந்தது. சாப்பிட்டேன் என்கிற வார்த்தை வந்தது. அப்புறம் வெறும் ‘ம்’, ‘ம்’ மட்டும் வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது போனை இரண்டு கையாலும் மூடிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன்” என்றார். “ஒரு வண்டி மட்டும் அனுப்புங்க. பெட்டி ஒண்ணு, கட்டில் ஒண்ணு.”

கட்டில் எதற்கு, என் வீட்டில் தேக்குக் கட்டில் நாலு கிடக்கிறது, மெத்தை வேறு புதிது என்று நான் ஆரம்பித்தேன்.

“என் கட்டில்தான் வேணும்” என்றார்.

சரி என்றேன். நானாக ஒருவரிடம் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னது அன்றைக்குத்தான்.